நம்பர் 114, பச்சை நூல்

வெள்ளறடை,
6 அக்டோபர் 2024, இரவு

லேகா அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதீர்கள். படித்ததும் கிழித்துவிடுங்கள். போனில் அனுப்பினால் அப்பா பார்த்துவிடுவார். அதனால் உங்கள் ஹாஸ்டலில் இருக்கும் என் வகுப்பு ஜெஸியின் அக்காவிடம் கொடுத்தனுப்புகிறேன்.

செல்லசாமி முதலாளி ஆனைப்பாறையில் குவாரி திறப்பதற்காக நீங்கள் எழுதிக்கொடுத்த செடிக் கணக்கெடுப்பு அறிக்கையைப் படித்தேன். அப்பா முதலாளியின் டிப்பர் லாரியிலிருந்து கொண்டுவந்து மேசையில் வைத்திருந்தார். "பாறையில் புல்லும் அக்கேசியாவும் தவிர வேறு செடி இல்லை." கீழே உங்கள் கையெழுத்து.

அப்படியானால் ஆகஸ்ட் பதினொன்றாம் தேதி பாறை வெடிப்பில் மண்டியிட்டு, வேர் அறாமல் கரண்டியால் நான் தோண்டியது என்ன? "இது ஒரு புஸ்தகத்திலயும் இல்லாத்ததாக்கும் மக்கா" என்று என்னைக் கட்டிப்பிடித்தது யார்? மழை விடவில்லை. ஈரம் உறிஞ்ச தினமும் பத்திரிகைத் தாள் மாற்றினேன். செடி தட்டையாகக் காயப் பாரம் வேண்டுமே என்று பதினோரு இரவு அதன் மேல்தான் படுத்தேன். இதழ் ஒடியும் என்று புரண்டுகூடப் படுக்கவில்லை. வெள்ளை நூல் தீர்ந்ததால் பச்சை நூலால் கெட்டித் தாளில் தைத்தேன். நீங்கள் சிரித்தீர்கள்.

ஒரு தாளை நீங்கள் எடுத்துப்போனீர்கள். அதே செடியின் இன்னொரு தாள் என்னிடம் இருக்கிறது. அதில் உங்கள் கையெழுத்து: நம்பர் 114, ஆனைப்பாறை, கண்டெடுத்தவர் தன்யா.

எது பொய், அக்கா? அறிக்கையா, என் பெயரா?

தன்யா


திருவனந்தபுரம்,
11 அக்டோபர் 2024

அன்பு மக்கா தன்யாவுக்கு,

கணக்குப் பரீட்சை எப்படி எழுதினாய்? சளி விட்டதா?

அன்று நான் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன். அது சாதாரணச் செடியாகவும் இருக்கலாம். என் தாளை அழித்துவிட்டேன். நீயும் உன்னுடையதை அடுப்பில் போட்டுவிடு. அதில் உன் பெயர் இருக்கிறது. வெளியே வந்தால் முதலாளி உன் அப்பாவை, என் கனகதாஸ் சித்தப்பாவை, மறுபடி டிப்பர் ஓட்ட விடுவாரா, யோசி. எனக்கும் இதுதான் முதல் வேலை. நம் இருவருக்குள் இருக்கட்டும்.

உன் தலையில் பேன் பார்த்த அக்கா,
லேகா


வெள்ளறடை,
18 அக்டோபர் 2024, இரவு

லேகா அக்கா,

இதையும் யாருக்கும் காட்டாதீர்கள் என்று எழுதத் தொடங்கி அடித்துவிட்டேன். நீங்கள்தான் ஏற்கெனவே காட்டிவிட்டீர்களே.

சாப்பிடும்போது அப்பா கேட்டார்: "பச்ச நூலு தச்ச ஒரு கடலாசுத் தாளு உண்டாமே. எங்க வச்சிருக்க?"

பச்சை நூல், அக்கா. அது நம் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்.

கிழித்துவிட்டேன் என்றேன். அவர் நம்பவில்லை. "நாளைக்கி நீ பெருங்கடவிளைக் கூட்டத்துக்கு வரண்டாம், கேட்டியா" என்று சொல்லி, சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். அடித்திருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

ஆனால் போவேன். குவாரி பற்றி ஊராரைக் கேட்கும் அந்தக் கூட்டத்தில் தாளை வைப்பேன். அதைப் பொதிந்த பத்திரிகையில்கூட ஆகஸ்ட் தேதி இருக்கிறது. அப்பாவுக்கு வேலை போகும் என்று எனக்குத் தெரியாதா? ஒரு வாரம் அதை நினைத்துத்தான் அழுதேன். நான் அழுவேன் என்று தெரிந்துதானே அதை எழுதினீர்கள். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. பேன் பார்த்ததை எதற்கு எழுதினீர்கள்?

கதவைத் தட்டுகிறார்கள்.

"மக்கா தன்யா, நானாக்கும். கடைசி பஸ்சுல வந்தேன். கதவத் தொற."

உங்கள் குரல். தேடிப் பாருங்கள், அக்கா. தாள் இந்த வீட்டில் இல்லை. மத்தியானமே அதை நான்—