ஒரு விரற்கடை குறைந்த கொய்யா ஜாம்

மதினி,

சோப்புப் போட்டுக் கழுவியும் வலது கை விரலில் கொய்யா வாசம் போகவில்லை. சிவகாசியில், அண்ணன் வீட்டில், பாட்டிலைத் திறந்து பார்த்தபோது ஒட்டியது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, திருத்தங்கல் தாண்டும் வரை விரலை மோந்துகொண்டே வந்தேன். பக்கத்து சீட்டு அம்மா ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்த்தால் பார்க்கட்டும். விருதுநகர் வந்து வீட்டுக் கதவைத் திறந்ததும் முதல் வேலையாக எழுத உட்கார்ந்துவிட்டேன். கேட்கிற இடத்தில் நீங்கள் இல்லை என்பது எனக்குத் தெரியாமல் இல்லை.

உங்கள் ஜாம் பாட்டில் விஷயம்தான். ஆனி மாதம் நீங்கள் போனதிலிருந்து அது ஃபிரிட்ஜ் கதவில், நீங்கள் வைக்கச் சொன்ன இடத்திலேயே நின்றது. மேலே ஒரு விரற்கடை குறைந்திருக்கும். அது நீங்கள் சாப்பிட்டது. அதற்குக் கீழே யாரும் கரண்டி போடக் கூடாது என்று அண்ணன் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை. காலையில் எழுந்ததும் மூடியைத் திறப்பார், மோந்து பார்ப்பார், மூடி வைப்பார். மற்றபடி சாப்பாடு என்று ஒன்று கிடையாது. ஞாயிறுதோறும் நான் போய் வைத்துவிட்டு வருகிற குழம்பு அடுத்த ஞாயிறும் அப்படியே இருக்கும். சட்டைக்குள் ஆளைத் தேட வேண்டிய அளவுக்கு இளைத்துவிட்டார். உங்கள் பின்னாலேயே இவரும் போய்விடுவாரோ என்ற பயம்தான் என்னை வாராவாரம் பஸ் ஏற்றியது.

ஜாம் என்றால் உங்களுக்கு எவ்வளவு பிடிவாதம்! நீங்கள் எங்கள் வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்த புதிது. எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. புது மதினியை அசத்தலாம் என்று பளபளவென்று சிவப்பாக ஒரு பாட்டில் வாங்கி வந்தேன். நீங்கள் அதை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தீர்கள். "என்ன நாத்தனாரே, சேலைக்குச் சாயம் போடவா வாங்கிட்டு வந்தீக?" என்றீர்கள். மற்ற நேரமெல்லாம் என்னை வா, போ என்பவருக்கு, கிண்டல் என்றால் மட்டும் மரியாதை பொங்கி வழியும். கோபத்தில் அன்று முழுக்க நான் உங்களோடு பேசவில்லை. மறுநாள் நீங்களே என்னைக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனீர்கள்.

பிரஸ்ஸில் உங்களுக்குச் செக்கிங் மேஜை. தீப்பெட்டி, பட்டாசு, ஊறுகாய், ஜாம் என்று அச்சாகி வருகிற லேபிள்களில் மை பிசகியதையும் எழுத்து விழுந்ததையும் பொறுக்கித் தள்ளுகிற வேலை. எங்களுக்கெல்லாம் லேபிள் என்றால் பழத்தின் படம். உங்களுக்கு அது பின்பக்கத்துப் பொடி எழுத்து. "முன்பக்கம் விக்கிறதுக்கு, பின்பக்கம் திங்கிறதுக்கு" என்று கடையில் வைத்துச் சொன்னீர்கள். "முதல்ல என்ன பேரு போட்டிருக்குன்னு பாரு. எது அதிகமா இருக்கோ அதைத்தான் முதல்ல போடுவாக. சீனி முதல்ல வந்துச்சுன்னா நீ சீனிக்குத்தான் காசு குடுக்க. பழம் முன்னால நிக்கணும். அதுவும் இன்ன பழம்னு பேரு சொல்லிக்கிட்டு நிக்கணும்."

அப்புறம் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பிடித்தீர்கள். ஒன்றல்ல, அலமாரியில் இருந்த அத்தனையையும். ஜாம் யோசித்து யோசித்து இறங்க வேண்டுமாம். தண்ணீர் மாதிரி ஓடினால் அது வெறும் பாகு. கட்டியாக அப்படியே நின்றால் பழத்தைக் குறைத்து, கெட்டிப்படுத்துகிற பொடியைக் கூட்டியிருக்கிறார்கள். "நல்ல ஜாம் அவசரப்படாது, அடம்பிடிக்கவும் செய்யாது" என்றீர்கள். கடைக்கார அண்ணாச்சி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்.

"யக்கா, இப்படி எல்லாத்தையும் கவுத்துப் போட்டா மத்த ஆளுக எப்படி வாங்குவாக?"

"நல்ல சரக்கா இருந்தா நீங்களே கவுத்துக் காட்டி விக்கலாமே, அண்ணாச்சி!"

கடைசியில் நீங்கள் எடுத்தது மங்கிய பழுப்பு நிறத்தில் ஒரு கொய்யா ஜாம். பார்க்கவே நன்றாக இல்லை என்றேன். "வெந்த கத்திரிக்கா ஊதாவாவா இருக்கு? வெந்தா நிறம் மங்கத்தான் செய்யும். மங்காம இருந்தா யாரோ சாயம் ஊத்தியிருக்காகன்னு அர்த்தம்" என்று என் வாயை அடைத்தீர்கள். வீட்டுக்கு வந்து மூடியைத் திறந்ததும் அடுப்படி முழுக்கக் கொய்யா. ரொட்டியில் தடவினோம். ரொட்டி கிழியவும் இல்லை, ஊறிச் சொதசொதவென்று ஆகவும் இல்லை. முதலில் வாசம், அப்புறம் இனிப்பு, கடைசியாக நாக்கின் ஓரத்தில் லேசாக ஒரு புளிப்பு. ஒரு ஜாமுக்கு இம்புட்டுப் பரீட்சையா மதினி என்று கேட்டேன். "என்னையப் பொண்ணு பாக்க வந்தப்ப உங்க வீட்டு ஆளுக வச்ச பரீட்சையை விடவா?" என்று நீங்கள் கேட்டதில் அண்ணனுக்குப் புரையேறிவிட்டது.

அன்றைக்குத்தான் நாம் சிநேகிதமானோம் என்று நினைக்கிறேன்.

உங்கள் அடுப்படிக்கு இன்னொரு சட்டமும் உண்டு. காலியான பாட்டில் எதுவும் லேபிளோடு மறுபடி அலமாரி ஏறக் கூடாது. வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு, லேபிளை உரித்து, பசை போகத் தேய்த்து, வெயிலில் காயவைத்த பிறகுதான் அதற்குள் மல்லித்தூளோ கடுகோ போகும். எங்கள் அம்மா ஹார்லிக்ஸ் பாட்டிலில் புளி வைத்து வாழ்ந்தவள். அவளுக்கு இது வேடிக்கையாக இருந்தது. நீங்கள் விடவில்லை. "பகல் பூரா லேபிள் சரியா இருக்கான்னு பாத்துட்டு, வீட்டுக்கு வந்து நானே பொய் லேபிளைப் பாக்கணுமா? உள்ள என்ன இருக்கோ அதைத்தான் வெளிய சொல்லணும்" என்பீர்கள். அண்ணன் தலையை ஆட்டிக்கொண்டே பாட்டில் தேய்ப்பார்.

உங்களுக்கு உடம்புக்கு வந்த பிறகு மதுரை ஆஸ்பத்திரிக்கு அண்ணனுடைய லோடு வண்டியிலேயே போய் வந்தோம். முன் சீட்டில் நாம் இரண்டு பேரும் நெருக்கியடித்து உட்காருவோம். போகப் போக நெருக்கம் குறைந்துகொண்டே வந்தது. நடுவில் ஒரு பை வைக்க இடம் கிடைத்தபோது நான் வெளியே பார்த்துக்கொண்டேன். மருந்து ஏற ஏற உங்கள் வாயெல்லாம் புண். கஞ்சி எரியும், இட்லி எரியும். கடைசியாக மதுரையிலிருந்து திரும்பிய அன்று ஊருக்குள் நுழைந்ததும் அண்ணாச்சி கடை முன்னால் வண்டியை நிறுத்தச் சொன்னீர்கள்.

"நான் போய் வாங்கிட்டு வாரேன், நீ இரு" என்றார் அண்ணன்.

"உங்களுக்கு வாங்கத் தெரியாது" என்று இறங்கிவிட்டீர்கள்.

தலையில் துண்டு. ஒரு கையால் பாட்டிலைத் தூக்க முடியவில்லை. இரண்டு கையாலும் பிடித்து, மெதுவாகக் கவிழ்த்தீர்கள். கை நடுங்கியதில் ஜாம் எப்படி இறங்குகிறது என்று சரியாகத் தெரிந்திருக்காது. ஆனாலும் காத்திருந்து பார்த்தீர்கள். திருப்பி, கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பின்பக்கம் முழுக்கப் படித்தீர்கள். அண்ணாச்சி மேசை ஃபேனை உங்கள் பக்கம் திருப்பி வைத்தார். அண்ணன் வண்டியின் பின்னால் போய், காற்று குறையாத டயரைத் தட்டிக்கொண்டு நின்றார்.

வீட்டில் நான்தான் ஊட்டினேன். "இனிப்புத் தெரியல" என்றீர்கள். நான் கரண்டியைக் கீழே வைக்கப் போனேன். "வாசம் வருது. நல்ல ஜாம்" என்றீர்கள். இன்னும் கொஞ்சம் கேட்டீர்கள், கொடுத்தேன். அப்புறம் கையைக் காட்டி நிறுத்தி, "மிச்சத்தை ஃபிரிட்ஜ் கதவுல வை. நாளைக்கு" என்றீர்கள். அந்த நாளைக்கு உங்களுக்கு நினைவு தப்பிவிட்டது.

இனி நடந்ததைச் சொல்கிறேன். தீபாவளி முடிந்து வந்த ஞாயிறு, மாவு வைக்க ஃபிரிட்ஜைத் திறந்தேன். பல வாரமாகக் கதவுப் பக்கம் கண்ணைக் கொண்டுபோகாமலே திறந்து மூடிக்கொண்டிருந்தவள், அன்றுதான் பார்த்தேன். பாட்டில் இருந்த இடத்தில்தான் இருந்தது, உள்ளே நிறம்தான் வேறு. வெளியே லேபிளில் கொய்யா, உள்ளே ரத்தச் சிவப்பு. மூடியைத் திறந்தால் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற காய்ச்சல் மருந்து வாசம். மட்டம் மட்டும் மாறவில்லை. அதே ஒரு விரற்கடை குறைவு.

"அண்ணே, என்ன இது?"

வெளியே கிளம்பச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "பூசணம் பூத்துருச்சு தாயி. ஆவணியிலயே. அவ சொல்லுவால்ல, பூத்ததை வழிச்சுப் போட்டுட்டுத் திங்கக் கூடாது, மொத்தமாக் கொட்டிரணும்னு. கொட்டிட்டேன். கொட்டிட்டுக் காலிப் பாட்டிலைப் பாக்க முடியல. கடையில கைக்குக் கிடைச்சதை வாங்கியாந்து அடைச்சு வச்சேன். எது வரைக்கும் இருந்துச்சோ அது வரைக்கும்."

"பின்பக்கம் பாக்கலையாண்ணே?"

"அவ இருந்தா பாத்துருப்பா."

நான் மூடியைத் திருகி மூடினேன். அவரே சொன்னார்: "நாளைக்குன்னு சொல்லிட்டுல்ல படுத்தா."

எனக்கு உங்கள் மேல்தான் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது மதினி. போதும் என்று சொல்லியிருக்கக் கூடாதா? வேண்டாம் என்று சொல்லியிருக்கக் கூடாதா? நாளைக்கு என்று ஒரு மனுஷனிடம் சொல்லிவிட்டுப் போனால் அவர் என்னதான் செய்வார்? உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக ஒரு பாட்டில் உங்கள் வீட்டிலேயே நின்றது. நின்று தட்டிக்கேட்க நீங்கள் இல்லை. அடுப்படியில் நின்று ஓவென்று அழுதேன். ஆஸ்பத்திரியிலும் அப்படி அழவில்லை, காட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனபோதும் அழவில்லை. ஒரு கேடுகெட்ட ஜாமுக்கு அழுதேன்.

அழுது முடித்து, "சட்டையை மாட்டுங்க, கடைக்குப் போவோம்" என்றேன்.

அண்ணாச்சி எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அண்ணன் ஒரு பாட்டிலை எடுத்துக் கவிழ்த்தார். லோடு இறக்கிப் பழகிய கை, சட்டென்று கவிழ்த்துவிட்டது. "மெதுவாண்ணே" என்றேன். மறுபடி கவிழ்த்தார். நான் பின்பக்கம் படித்தேன், அவர் ஜாம் இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சி உள்ளே போய், பெட்டி பிரித்து இன்னொரு பாட்டிலைக் கொண்டுவந்தார். அவரே அதைத் தலைகீழாகப் பிடித்து எங்களுக்குக் காட்டினார்.

"இப்பத்தான் வந்த சரக்கு. அக்கா இருந்தா இதைத்தான் எடுத்திருப்பாக" என்றார்.

முதல் பேர் கொய்யா. நிறம் மங்கல். அவசரப்படாமல் இறங்கியது.

வீட்டுக்கு வந்து சிவப்பு ஜாமைக் கொட்டி, உங்கள் பாட்டிலை வாளியில் போட்டேன். அண்ணன் தடுப்பாரென்று நினைத்தேன். அவரே பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, லேபிள் ஊறட்டும் என்று காத்திருந்து, நகம் படாமல் முழுசாக உரித்தெடுத்தார். அதை ஈரத்தோடு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினார். உங்கள் பாட்டிலில் இப்போது கடுகு இருக்கிறது. உங்கள் சட்டப்படிதான்.

புதுப் பாட்டிலைத் திறந்தோம். அடுப்படி முழுக்க அதே வாசம். அண்ணன் ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டார். கண்ணை மூடிக்கொண்டு இன்னும் கொஞ்சம் எடுத்தார். மேலே ஒரு விரற்கடை குறைந்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "நாளைக்கு" என்று சொல்லி ஃபிரிட்ஜ் கதவில் வைத்தார். போச்சு, மறுபடியும் முதலிலிருந்தா என்று நினைத்துக்கொண்டுதான் அன்று பஸ் ஏறினேன். அடுத்த ஞாயிறு போய்ப் பார்த்தேன், அதே மட்டம். அதற்கடுத்த ஞாயிறும் அதே மட்டம்.

இப்போதெல்லாம் எந்தக் கடைக்குப் போனாலும், வாங்குகிற எண்ணமே இல்லாவிட்டாலும், ஒரு ஜாம் பாட்டிலை எடுத்துக் கவிழ்த்துப் பிடித்து நிற்கிறேன். இறங்கி முடியும்வரை நகர மாட்டேன். விருதுநகர்க் கடைக்காரர்களும் திட்டத் தொடங்கிவிட்டார்கள். உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தக் கிறுக்குத்தான்.

இன்றைக்குப் போனேன். வருஷக் கடைசி, காலண்டர் சீசன், அண்ணன் லோடு ஏற்றப் போயிருந்தார். அடுப்படி மேடையில் ரொட்டித் துணுக்கு சிந்திக் கிடந்தது, குழம்புச் சட்டி கழுவிக் கவிழ்த்திருந்தது. ஃபிரிட்ஜைத் திறந்து பாட்டிலை எடுத்தேன். பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. ஓரமெல்லாம் கரண்டி வழித்த தடம். நீங்கள் நாளைக்கு என்று வைத்துவிட்டுப் போன மிச்சத்தை அண்ணன் சாப்பிட ஆரம்பித்துவிட்டார் மதினி.

நல்லதுதான். இதற்காகத்தானே வாராவாரம் போனேன். மூடியை மூடும் முன் விரலைப் பாட்டிலின் கழுத்துக்குக் கீழே, நீங்கள் நிறுத்திய இடத்தில், கண்ணாடியின் உள்பக்கம் வைத்துப் பார்த்தேன். அங்கே ஒன்றும் இல்லை, வாசம் மட்டும் விரலில் ஒட்டியது. அண்ணன் அதைத் தாண்டிவிட்டார். நான்தான் இன்னும் அந்த இடத்தை விட்டு இறங்க மாட்டேன் என்கிறேன்.