சாம்பல் நிற வளையங்கள்

ஜூன் 9, திங்கள்

பல்லில் மேல் வரிசை, கீழ் வரிசை இரண்டிலும் கம்பி ஏறிவிட்டது. வாய்க்குள் யாரோ சைக்கிள் கடை வைத்த மாதிரி இருக்கிறது. கம்பியைப் பிடித்து நிறுத்தும் குட்டி ரப்பர் வளையங்களுக்கு என்ன நிறம் வேண்டும் என்று பல் டாக்டர் ஓர் அட்டையை நீட்டினார். சிவப்பு, நீலம், பச்சை எல்லாம் இருந்தன. கண்ணிலேயே படாத நிறம் எது என்று கேட்டேன். சாம்பல் என்றார். அதையே போடச் சொன்னேன். முப்பத்தாறு வயதில் இது தேவையா என்று அவர் கேட்கவில்லை. மற்ற எல்லோரும் கேட்டாகிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அப்பா என் முகத்தை விளக்குப் பக்கம் திருப்பிப் பார்த்தார். "என்னம்மா, வாய்க்குப் பூட்டுப் போட்டுட்டாங்களா?" என்று சிரித்தார். விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது. கையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

ஜூன் 10

வலி. பால். மறுபடியும் பால்.

ஜூன் 13, வெள்ளி

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் நாள் முழுக்க மாஸ்க்தான். ஊசியைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் என் வாயையா பார்க்கப் போகிறார்கள்? பிழைத்தேன். சாப்பாட்டு நேரத்தில்தான் மாட்டிக்கொண்டேன். நேற்று ரொட்டித் துண்டு ஒன்று கம்பியில் சிக்கி, நாக்கால் துழாவித் துழாவிப் பார்த்தும் வரவில்லை. கூட வேலை பார்ப்பவள், பக்கத்தில் இருந்தவள், சத்தமில்லாமல் ஒரு கைக்கண்ணாடியை நீட்டினாள். உதவிதான். எனக்கு உயிரே போய்விட்டது.

இன்று மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து வாழைப்பழத்தைப் பிசைந்து தின்றேன். யாரும் தேடி வரவில்லை. வந்திருந்தால் எரிந்து விழுந்திருப்பேன். வரவில்லை என்பதும் பிடிக்கவில்லை. என்ன ஜென்மமோ நான்.

ஜூன் 18

கன்னத்தின் உள்பக்கம் புண். கம்பி குத்தும் இடத்தில் வைக்க மெழுகு கொடுத்திருக்கிறார்கள். பேசும்போது அது கழன்று நாக்கில் ஒட்டிக்கொள்கிறது. உதடு உதட்டோடு சேர மாட்டேன் என்கிறது. எச்சில் வேறு தெறிக்கிறது.

அப்பாவின் காதை அவர் வேலை பார்த்த மில்லின் இரைச்சல் எப்போதோ வாங்கிக்கொண்டது. காதுக்கான மிஷினும் இப்போது உதவுவதில்லை. எழுதிக் காட்டினால் கோபம் வரும்: "நான் என்ன ஆஸ்பத்திரியிலயா படுத்திருக்கேன்?" அம்மா போன பிறகு அவர் பார்த்துப் புரிந்துகொள்வது என் உதட்டசைவை மட்டும்தான். அக்கா பேசுகிற வேகத்துக்கு அவள் உதடு பிடிபடுவதில்லை. மாலையில் தேநீரோடு எதிரெதிரே உட்கார்ந்து அன்றைய கதையை நான் சொல்ல வேண்டும். உன் மூஞ்சிதான் எனக்கு ரேடியோ என்பார்.

இப்போதும் சொல்கிறேன். விரல்களை வாய்க்கு முன்னால் வைத்துக்கொண்டு சொல்கிறேன். பெற்ற அப்பா முன்னால் என்ன வெட்கம்? தெரியவில்லை. அவரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்கிறார். கடைசியில் "சரிம்மா" என்கிறார்.

ஜூன் 24

கைக்கண்ணாடிக்காரி இப்போதெல்லாம் சாப்பிடக் கூப்பிடுவதுகூட இல்லை.

ஜூலை 1, செவ்வாய்

மேனேஜர் அழைத்தார். வேறு ஊரில் புதுக் கிளை திறக்கிறார்களாம். அதற்கு என்னைப் பொறுப்பாளராகப் போடலாம் என்கிறார். ஒரு பகல் முழுக்க ரயிலில் போக வேண்டிய தூரம். நான் போனால் அப்பா அக்கா வீட்டுக்குத்தான் போயாக வேண்டும்.

மாலையில் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். போகட்டுமா, வேண்டாமா, நீங்களே சொல்லுங்கள் என்றேன். தேநீரைக் குடித்து முடித்துவிட்டு, "சரிம்மா" என்றார். செய்தித்தாளை மடித்து வைத்தார்.

அவ்வளவுதான். எதற்கு என்று ஒரு கேள்விகூட இல்லை. 'நீ இல்லாம நான் என்ன பண்ணுவேன்' என்று ஒரு பேச்சுக்காவது சொல்லியிருக்கலாமே? அவரை எப்படி விட்டுவிட்டுப் போவது என்று மத்தியானத்திலிருந்து உருகிக்கொண்டிருந்தவள் நான்தான். பைத்தியக்காரி.

ஜூலை 2

மேனேஜரிடம் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 6, ஞாயிறு

அக்கா போன் செய்தாள். அப்பாவுக்கு அறையை ஒழித்து வைக்கிறாளாம். அவர் என்ன சொன்னார் என்று கேட்டாள். உடனே சரி என்றுவிட்டார் என்றேன். ஏன் ஒரு மாதிரி பேசுகிறாய் என்றாள். கம்பி வலி என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஜூலை 12, சனி

இன்று நடந்ததை எழுதிவிடுகிறேன்.

காலையில் பரணிலிருந்து பெட்டியை இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தேன். அப்பா வாசற்படியில் நின்று, "யாருக்கும்மா பெட்டி? எங்க போறே?" என்றார்.

நடிக்கிறாரா என்று பற்றிக்கொண்டு வந்தது. துடைக்கிற துணி ஒரு கையில், பெட்டி மூடி ஒரு கையில். கத்தினேன். சொன்னேனே, நீங்கதானே சரின்னு சொன்னீங்க! அவர் என் வாயையே உற்றுப் பார்த்தார். மெதுவாக மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னேன். கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"பூட்டுன்னு நான் விளையாட்டுக்குச் சொன்னேன். அன்னிக்கு மூடினவதான் நீ. அதுக்கப்புறம் ஒரு வார்த்தைகூட எனக்குப் பிடிபடல. கைய எடுன்னு சொல்ல மனசு வரல. உன் கண்ணு சிரிச்சா நானும் சிரிச்சேன். மத்ததுக்கெல்லாம் சரிம்மான்னு வச்சேன்." பெட்டியைக் காட்டி, "இதுக்கு நான் சரின்னு சொல்லலம்மா" என்றார்.

ஐயோ. தண்ணீர்த் தொட்டி, கைக்கண்ணாடி, அக்கா, எதுவுமே அவரிடம் போய்ச் சேரவில்லை. எனக்கு யாருமில்லை என்று இங்கே புலம்பிக்கொண்டிருந்தேன். ரேடியோ நின்றுபோன வீட்டில் அந்த மனுஷன் தினமும் எதிரே வந்து உட்கார்ந்து தலையாட்டியிருக்கிறார்.

முதலிலிருந்து சொல்லு என்றார். ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு, கம்பி போட்ட நாளிலிருந்து சொன்னேன். பாதி வார்த்தைக்குத் தடுமாறினார். மூன்று முறை, நான்கு முறை சொல்ல வேண்டியிருந்தது. தேநீர் ஆறியே போனது.

ஜூலை 14

அப்பாவே பேச்சை எடுத்தார். "செவிடனுக்கு எந்த ஊரா இருந்தா என்ன? எல்லாம் ஒரே அமைதிதான். நானும் வர்றேன்." இரண்டு பேர் இருக்கிற மாதிரி வீடு பார்க்க வேண்டும், ஒரு வாரம் தள்ளி வருகிறேன் என்று மேனேஜரிடம் சொன்னேன். முகத்தைச் சுளித்தார். சுளிக்கட்டும். அக்காவுக்கும் மனத்தாங்கல்தான்.

ஜூலை 17, வியாழன்

கம்பியை முறுக்கும் நாள். அப்பாவும் கூடவே கிளம்பி வந்தார். டாக்டர் பழைய ரப்பர் வளையங்களைக் கழற்றிவிட்டு அட்டையை நீட்டினார். இரண்டு கன்னத்தையும் இழுத்துப் பிடிக்கிற பிளாஸ்டிக் வளையம் என் வாயில். சாம்பலைக் காட்ட விரலைத் தூக்கினேன்.

அதற்குள் அப்பா அட்டையை வாங்கிக்கொண்டார். தன் குரல் தனக்கே கேட்காதவர் அல்லவா, வெளியே காத்திருந்தவர்களெல்லாம் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சொன்னார்: "சிவப்பு போடுங்க டாக்டர். என் கண்ணும் மங்கிட்டு வருது. அவ பேசறது எனக்குத் தூரத்துலயே தெரியணும்."

விரலை இறக்கிவிட்டேன். சிவப்பு போட்டாகிவிட்டது. வீட்டுக்குத் திரும்பும்போது மின்சார ரயிலில் என் பக்கத்து இடம் காலியாக இருந்தும் அப்பா எதிரே போய் உட்கார்ந்தார். நாங்கள் இறங்கும் இடம் வரும்வரை பேசிக்கொண்டே வந்தேன்.