இறக்கையில் ஒட்டும் ஸ்டிக்கர்

ஆகஸ்ட் 12, செவ்வாய். செங்கல்பட்டு.

தூக்கம் வரவில்லை. இரண்டு நாடுகள் சேர்ந்து தயாரிக்கும் சின்னப் போர் விமானம் ஒன்றின் இறக்கையில் ‘இங்கே மிதிக்காதே’ என்று ஒட்டுவது, பொத்தேரியில் நாங்கள் அடிக்கும் ஸ்டிக்கர்தான். இதுவரை ஆங்கிலத்தில்தான் போனது. இன்று வந்த ஆர்டரில் அதே வாசகம் எங்களுக்குத் தெரியாத ஏதோ எழுத்தில் இருந்தது. அளவும் பெரிது. புது மாடலில் அந்த இடத்தில் ஏதோ கருவி வைக்கிறார்களாம்.

மெஷின் ஓட்டும் குமாரிடம், “எந்த நாடு வாங்குது?” என்றேன்.

“நம்மகிட்ட யாரு மேடம் சொல்றா? இன்னும் ஒருத்தனும் வாங்கலன்னுதான் பேப்பர்ல போட்டுக்கீது. இதுல எது மேல, எது கீழன்னே தெர்ல.”

போட்டோ எடுக்கக் கூடாது என்பதால் போனில் தேடவும் வழியில்லை. எழுத்து தனியாக, அதன் கீழே போட வேண்டிய கால் படம் தனியாக வந்தது. எழுத்தில் எது மேல் பக்கம் என்று ஊகித்துச் சேர்த்து அடித்தது நாங்கள். சாம்பிள் மாலையே போய்விட்டது.

பேப்பருக்கே தெரியாத அந்த நாட்டில் ஒருவன் ஏணியில் ஏறி, இறக்கையில் கால் வைக்கப் போவான். எங்கள் ஸ்டிக்கரைப் பார்த்ததும் காலை எடுப்பானா, இல்லை படிப்பதற்காகத் தலையைக் கவிழ்ப்பானா?