இடுப்புக்கு மேல எடுத்த படம்

அப்பாவுக்கு விவியன் எழுதுறேன். மாதா புண்ணியத்துல சிங்கப்பூர்ல நான் நல்லா இருக்கேன். நம்ம ஊரு குனோங் ராபாட்ல இன்னும் மழைதானா? உங்க கால் புண் ஆறிடுச்சான்னு கேட்டா, "எல்லாம் ஓகே லா"ன்னு போனை வச்சிடுறீங்க. அதான் எழுதுறேன்.

ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வழக்கம்போல கேமராவோட தெருத்தெருவா சுத்தினேன். கட்டடம் கட்டுற இடத்துல ஒருத்தர் சோறு சாப்பிட்டுக்கிட்டு இருந்தார். படம் எடுக்கலாமாண்ணேன்னு கேட்டேன். பேரு யுகேந்திரன், நம்ம ஊருப் பக்கம் சுங்கை சிப்புட்டுக்காரர். உடனே ஹெல்மெட்டைக் கழட்டி ஓரமா வச்சிட்டு, தலையைச் சீவிக்கிட்டு, பக்கத்து பேங்கு வாசல்ல போய் நின்னார்.

எடுத்துக் காட்டினா, அவருக்குப் பின்னால பேங்கு கண்ணாடிக் கதவுல, ஓரமா வச்ச அந்த ஹெல்மெட்டோட நிழல் பளிச்சுன்னு தெரியுது!

"அழிச்சிடு தங்கச்சி. எனக்கு ஆபீஸ் வேலைன்னு வீட்டுல நினைச்சுக்கிட்டு இருக்காங்க."

அழிச்சிட்டு வேற எடுத்துக் கொடுத்தேன். ரெண்டு பேரும் சிரிச்சோம். ஆனா எனக்கு மனசு கேக்கல.

போன மாசம் என் ரூம்னு ஒரு படம் அனுப்பினேனே, பெரிய ஜன்னலும் கடலுமா? அது நான் கூட்டித் துடைக்கிற ஹோட்டல் ரூம்பா. என் ரூமுக்கு ஜன்னலே இல்ல. இதோட வச்சிருக்கிறதுதான் நிஜப் படம். மேல் கட்டில் என்னோடது.

ரோசரி அத்தை இந்தப் பக்கம் வந்தா நெத்திலி சம்பலும் என் பழைய போர்வையும் கொடுத்து விடுங்க.

வேலைக்கு நேரமாச்சு. ஒன்னே ஒன்னு. நீங்க அனுப்புற படமெல்லாம் இடுப்புக்கு மேலயே இருக்குப்பா. கால் தெரியுற மாதிரி ஒன்னு அனுப்புங்க.

விவியன்