மாவு பறக்காத கடை

மார்ச் 4, புதன்

ஆஸ்பத்திரிக் கையுறை இன்று நன்றாக விற்றது. வழக்கமான வித்தைதான். பெட்டியிலிருந்து ஒன்றை உருவி, வாயால் ஊதி, வந்தவர் முகத்துக்கு நேரே பட்டென்று உதறினேன். சுலபமாக மாட்ட உள்ளே தூவிய வெள்ளை மாவு பறந்தது. "புதுச் சரக்குதான்" என்று தலையாட்டினார். எங்கள் வியாபாரத்தில் மாவு பறந்தால்தான் சரக்குக்கு மதிப்பு.

பொட்டலம் கட்டும் மேஜையில் தங்கை தும்மிக்கொண்டே இருந்தாள். அவள் குரலுக்காக வீட்டில் வைத்த பேர் மைக். கடைக்குள் பேசினால் தெருமுனையில் கேட்கும். இன்று "அக்கா, வண்டி வந்..." என்று தொடங்கியவள் மீதியை விழுங்கிவிட்டாள்.

மார்ச் 7, சனி

மைக்குக்கு உடம்பெல்லாம் தடிப்பு. உதடு வீங்கி, மூச்சில் விசில். மாடியிலிருக்கும் பல் டாக்டரம்மா ஓடி வந்து ஊசி போட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். இப்போது தேவலை.

மார்ச் 11, புதன்

ரத்தப் பரிசோதனை வந்துவிட்டது. ரப்பர் ஒவ்வாமை. நம் கையுறையேதான்.

டாக்டரம்மா கீழே வந்து சொன்னார்: "கையில மாட்டினாத்தான் வரும்னு நினைக்காதீங்க. ரப்பர்ல இருக்கற புரதம் அந்த மாவுல ஒட்டிக்கும். நீங்க உதறினா அதுவும் சேர்ந்து பறக்கும். ரெண்டு தளத்துக்கும் ஒரே ஏசி குழாய். என் வரவேற்புப் பொண்ணும் கண்ணைக் கசக்கிட்டே இருக்கா."

கடையில் கூட்டாளியான கொழுந்தனுக்கு வேறு கணக்கு. "அண்ணி, மைக்க வீட்ல உக்கார வைங்க. சம்பளம் குடுத்துடலாம். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து யாராச்சும் வீட்டைக் கொளுத்துவாங்களா?"

"வீட்டை யாரு கொளுத்தச் சொன்னா? பூச்சிய வெளியே போடச் சொல்றேன். கடை தொடங்கினப்போ தலையில பெட்டி சுமந்தவ அவ. அவள அனுப்பிட்டு மாவ வச்சுக்கவா?"

ஆளை மாற்ற மாட்டேன். சரக்கை மாற்றுவேன்.

மார்ச் 13, வெள்ளி

ரப்பர் கையுறை அத்தனையும் திருப்பி அனுப்பியாயிற்று. இனி மாவில்லாத, ரப்பர் பால் சேராத நைட்ரைல் கையுறை மட்டும். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொள்முதல் செய்பவர் போனிலேயே சிரித்தார். "மாவில்லாததை எவன்மா வாங்குவான்? வேர்த்த கையில ஏறுமா?"

"ஏறும் சார். ஏறலன்னா கையத் தொடைச்சுட்டு மாட்டுங்க."

அவர் போனால் பாதி வியாபாரம் போகும். போகட்டும்!

மார்ச் 20, வெள்ளி

கடையைப் பெருக்கித் துடைத்த பிறகு மைக் வந்தாள். டீ குடிப்பதற்குள் மறுபடி விசில். மாடிக்குக் கூட்டிப்போய் உட்காரவைக்கக்கூட முடியாது, அங்கேயும் அதே காற்று. வாசலில் நாற்காலி போட்டேன். இன்ஹேலர் மருந்தை உறிஞ்சினாள்.

"பாத்தீங்களா அண்ணி? மாவு போயிடுச்சு, இது போகல" என்றார் கொழுந்தன்.

அப்படியென்றால் நான்தான் முட்டாளா?

மார்ச் 21, சனி

முட்டாள்தான், ஆனால் அவர் நினைத்த மாதிரி இல்லை.

"எப்படிச் சுத்தம் பண்ணீங்க?" என்றார் டாக்டரம்மா. கையுறை போட்டுத்தான் என்றேன் பெருமையாக.

"எந்தக் கையுறை?"

நானும் கொழுந்தனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கிழிந்திருந்த ஒரு பெட்டியை மட்டும் கம்பெனிக்காரன் திருப்பி எடுக்கவில்லை. வீணாகப் போகிறதே என்று அந்த மாவுக் கையுறையையே ஆளுக்கொரு ஜோடி மாட்டிக்கொண்டு, துடைப்பத்தால் வேறு பெருக்கியிருக்கிறோம். சேற்றுக் காலோடு வாசல் கழுவின கதை! வியாபாரி புத்தி. கொழுந்தன் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது.

மார்ச் 22, ஞாயிறு

துடைப்பத்துக்குத் தடை. எல்லாம் ஈரத்துணி. அலமாரித் தலைமேலெல்லாம் மாவு, விரலால் பேர் எழுதலாம். முகமூடி போட்டு ஏணியில் ஏறியது கொழுந்தன். நான் கேட்கவில்லை, அவராகவே ஏறினார்.

கட்டட முதலாளி முனகினார்: "ஏசி குழாயை நான் எதுக்கும்மா சுத்தம் பண்ணணும்?"

"எங்க மூக்கும் உங்க கட்டடத்துலதானே சார் குடியிருக்கு?"

குழாய் சுத்தமாகிறது. வடிகட்டியும் புதிது.

மார்ச் 30, திங்கள்

கொள்முதல்காரர் வேறு கடைக்குப் போய்விட்டார். அதே தெருவில்.

ஏப்ரல் 30, வியாழன்

அவரே வந்தார். சும்மா இந்தப் பக்கம் வந்தாராம். பெட்டியைத் தட்டி, "எங்கேம்மா, பழைய மாதிரி ஒண்ண உதறிக் காட்டு" என்றார்.

நான் வாய் திறக்குமுன், மூச்சு தேறிப் போன வாரம் வேலைக்குத் திரும்பிய மைக் உள்ளேயிருந்து:

"இந்தக் கடையில யாரும் எதையும் உதறக் கூடாது சார்! ஓட்டை இருக்கான்னு பாக்கணும்னா தண்ணிய ஊத்திப் பாருங்க, ஒழுகினா காசு வேணாம்!"

அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. மனிதர் ஒரு பெட்டி மட்டும் வாங்கினார். முகத்தைச் சுளித்துக்கொண்டுதான்.

மாடிப்படியில் வரவேற்புப் பெண்ணின் தலை தெரிந்தது. "அக்கா, கொஞ்சம் மெதுவா! டாக்டர் பல்லு பிடுங்கிட்டு இருக்காங்க."