பருத்திப் பூ படத்தில் உங்கள் சத்தம்

டில்லி, டிசம்பர் 14

அன்புள்ள அத்தானுக்கு,

கோமதி எழுதுவது. நான் நலம். நீங்களும் அத்தையும் அனுக்குட்டியும் சுகம்தானே? அத்தைக்கு முழங்கால் வலி குறைந்ததா? போனில் பேசினால் என் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்றுதான் எழுதுகிறேன்.

நேற்று இங்கே பள்ளிகளுக்குப் பாடப்படம் எடுப்பவர்களின் மாநாடு. கரிவலத்தில் நம் பருத்திப் புஞ்சையில் நான் எடுத்த படத்தைத் திரையிட்டார்கள். அவசரத்தில், ஒலியைச் சுத்தம் செய்யாத பிரதியைக் கொண்டுபோய்விட்டேன். வண்டு பூவுக்குள் இறங்கும் நேரத்தில் அரங்கம் முழுக்க உங்கள் சத்தம்.

“ஏட்டி, தலையில துண்டப் போடு. வெயிலு மண்டையப் பொளக்கு!”

மாநாட்டுத் தலைவர் அம்மாள் என்னவென்று கேட்டார். அர்த்தம் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வேலைக்கு ஒன்றும் பாதகமில்லை, பயப்படாதீர்கள். அசாமிலிருந்து வந்த வாத்தியார் ஒருவர் மட்டும், “அந்தக் குரல் இருக்கட்டுமே” என்றார். ஆனால் பள்ளிகளுக்குப் போகும் படத்தில் இருக்கக்கூடாதாம். இன்று காலையில் நானே அதை வெட்டி எடுத்தேன். அதற்கு முன் எத்தனை தடவை போட்டுக் கேட்டேன் என்று மட்டும் கேட்காதீர்கள்.

இங்கே குளிர் கூடிவிட்டது. செல்வக்குமார் அண்ணன் வரும்போது நம் பச்சைப் போர்வையைக் கொடுத்துவிடுங்கள். துவைக்க வேண்டாம், அப்படியே அனுப்புங்கள். அனு எழுதி முடித்த நோட்டு ஒன்றும் வேண்டும்.

தபால் பெட்டியைத் திறக்கும் நேரமாகிவிட்டது, முடிக்கிறேன். வேலை ஒப்பந்தம் தீர இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. அதுவரை போனில், “வந்துரு” என்று வாய் தவறிக்கூடச் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் வந்துவிடுவேன்.

உங்கள்
கோமதி