கருப்பட்டியின் மீசையில் நீலம்

14.10.98
ஏட்டி கருப்பட்டி, உன்னை வேப்பமரத்தடியில் புதைத்துவிட்டு வந்ததிலிருந்து, தட்டு உருண்டாலும் நீதான் என்று திரும்புகிறேன். அவர் செத்த பிறகு இந்த வீட்டில் நாம் இரண்டு பேர்தானே. நீலமும் பச்சையுமாகக் கக்கினாயே, மீசையெல்லாம் அந்த நிறம். பூனை அப்படியா கக்கும்? யாரோ விஷம் வைத்திருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ! பக்கத்து வீட்டுப் பாலம்மாள்தான். "எக்கா, ஒங்க பூனை இன்னொருக்க என் கருவாட்டுல வாய வச்சா அன்னைக்கே கருமாதிதான்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். சிரிப்பா அது?

15.10.98
குழாயடியில் அவள் பேசினாள். நான் பேசவில்லை.

17.10.98
அவள் புருஷன் பருத்திக்கு மருந்து அடிக்கப் போகிறவன். மருந்து டப்பாவை எங்கே வைப்பான்? சுவர்மேல் எட்டிப் பார்த்தேன். வாளியில் துணிக்கு நீலம் கலக்கி வைத்திருந்தாள். நீலம்! "என்னக்கா தேடுதீங்க?" என்றாள். "ஒனக்குத் தெரியாதாக்கும்" என்றேன். அவள் முகம் செத்துவிட்டது. ஒன்றும் செய்யாதவளுக்கு ஏன் முகம் சாகணும்?

19.10.98
தீப்பெட்டி ஏஜெண்ட் பரமசிவன் அண்ணாச்சி வந்தார். "பொட்டி ஒட்டாம உக்காந்திருந்தா எப்படிம்மா? கரப்பான் பூச்சி பொட்டிய அரிக்குதுன்னு பசையில மயில்துத்தத்தக் கூடக் கொஞ்சம் போடச் சொன்னேன்லா, அதே மாதிரி போடுங்க. இப்பதான் அரிக்கலை." தலையாட்டினேன்.

20.10.98
மைதா காய்ச்சினேன். அந்த நீலக்கல் துத்தத்தைத் தட்டிப் போட்டுக் கிண்டினேன். பசை நீலமும் பச்சையுமாக மாறியது. இதை எங்கே பார்த்தேன் —
கரண்டி அப்படியே நின்றுவிட்டது.
துத்தம் கூடுதலாகப் போட ஆரம்பித்த பிறகுதானே நீ சோறு தின்னாமல் சுருண்டு படுத்தாய்? பெட்டி ஒட்டும்போதெல்லாம் மடியில் ஏறி என் விரலை நக்குவாய். பாசம்னு நானும் நீட்டுவேனே. ஐயோ, நீட்டுவேனே.
நுனி நாக்கில் வைத்துப் பார்த்தேன். குமட்டிவிட்டது.

22.10.98
பாலம்மாள் வாசலில் போய் நின்றேன். "பசைதான்டீ. என் கைதான்" என்றேன். அவள் கதவை அகலத் திறந்தாள். "உள்ள வாங்க. சாப்பிட்டீங்களா?" என்றாள். சோறு போட்டு ஓரத்தில் கருவாட்டுத் துண்டு வைத்தாள். கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். நகத்தடியில் நீலம் போகவில்லை.
எனக்கே குமட்டியதே, நீ எப்படி நக்கினாய் கருப்பட்டி? என் கை என்பதாலா?